பேராச்சி எப்படி இருக்கா?

தாராவி, பம்பாய்
12-7-64

அன்புள்ள அக்காவுக்கு,

கோமதிநாயகம் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மழைதான் விடவில்லை. அத்தானையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லவும். பெரியம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது?

ஒரு செய்தி. ஹனீப் முதலாளிக்குப் பாராட்டு விழா எடுக்கப்போகிறார்கள். தாராவியில் தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கி இருபது வருஷம் ஆகிறதாம். ஜனவரியில், மாதுங்காவில் ஒரு மண்டபத்தில். விழாக் குழுவின் செயலாளர் வெங்கடேஸ்வரன் என்று ஒருவர். பாலக்காட்டுக்காரர், இன்ஷூரன்ஸ் ஆபீசில் அதிகாரி. போன ஞாயிற்றுக்கிழமை பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நம் சந்தில் வந்து நின்றார்.

"கோமதிநாயகம் நீங்கதானே? தாராவில எம்.ஏ. படிச்ச பையன் ஒருத்தன் இருக்கான்னு முதலாளி சொன்னார். வாழ்த்துமடல் நீங்கதான் எழுதணும் கேட்டேளா. பட்டுத்துணில அச்சடிச்சு ஃப்ரேம் போட்டுக் குடுக்கறோம்."

நான் எழுதுவதெல்லாம் சின்னச் சின்ன வரிகள், வாழ்த்தெல்லாம் வராது என்றேன். அவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"உங்க அக்காவும் வந்தாகணும். மாலை அவாதான் போடணும். அவாளைக் காப்பாத்தினதுலேர்ந்துதானே எல்லாம் ஆரம்பம்?"

எனக்குத் தெரிந்த கதையும் அதுதான். தோல் பதனிடும் ஷாப்புக்குப் பெரியவர்களோடு போன சிறுமி சுண்ணாம்புக் குழியில் விழுந்தாள். முதலாளி தாமே இறங்கித் தூக்கினார். விக்டோரியா குதிரைவண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சிறுமி பிழைத்தாள். அந்த வருஷமே குழியை மூடி, அந்த இடத்தில் கொட்டகை போட்டு, பாளையங்கோட்டையிலிருந்து வாத்தியார் வரவழைத்தார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதவனுக்கு என் ஷாப்பில் வேலை இல்லை என்றார். முனிசிபாலிட்டி ஏற்றுக்கொள்ளும்வரை நடந்து நடந்து மனுக் கொடுத்தார். பிறகு கோலிவாடாவில் ஒன்று. செம்பூரில் ஒன்று.

அந்தச் சிறுமி நீ. எனக்கு அப்போது மூன்று வயது. எதுவும் நினைவில்லை. அப்பாவும் அம்மாவும் இருந்தவரை அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

மடலில் ஒரு வரியாவது உண்மையாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறேன். அந்த நாளில் உனக்கு என்ன தெரிந்தது? என்ன மணம், என்ன சத்தம்? எதுவானாலும் எழுது.

பிள்ளைகளுக்கு முத்தம்.
தம்பி
கோமதி


சங்கரன்கோவில்
9-8-64

அன்புத் தம்பி கோமதிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. ஆடித்தபசுக் கூட்டம், வீட்டில் விருந்தாள்கள், பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வருகை, எல்லாம் ஒன்றாக வந்தன. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்குக் காதுவலி வந்து சரியாயிற்று. அத்தான் கடையைத் தெற்கு ரதவீதிக்கு மாற்றியிருக்கிறார். பெரியம்மாவுக்குத் திருநெல்வேலியில் கண்ணைக் காட்டினோம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். நிழலாகத் தெரிகிறது. காலடிச் சத்தத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடுகிறாள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாள்.

நீ மழையில் நனையாதே. உனக்கு நெஞ்சுச் சளி சின்னதிலிருந்தே உண்டு. தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடுகாட்டித் தேய்த்துக்கொள்.

விழா விஷயம் படித்தேன். முதலாளிக்கு எவ்வளவு செய்தாலும் தகும். அவரைப் பற்றி எழுத உனக்கு எவ்வளவோ இருக்கிறது. சிலேட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாரே, அதை எழுது. வயசுக்கு வந்த பெண்களை நிறுத்திவிடுகிறார்கள் என்று வீடு வீடாக வந்து சண்டை போட்டாரே, அதை எழுது. அந்த நாள் எனக்கு அவ்வளவாக நினைவில்லை.

ஜனவரியில் லீவு கிடைக்காது.

ஒன்று கேட்க வேண்டும். முதலாளி இப்போதாவது பள்ளிக்கூடத்துக்குள் வருகிறாரா? என் காலத்தில் வாசல் கேட்டோடு நின்றுவிடுவார்.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா
பேராச்சி


தாராவி
6-9-64

அன்புள்ள அக்கா,

நலம். சளி இல்லை. கற்பூர எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். டிராம்பே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்துபோய்விட்டார். பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். வெளிச்சம் போனபின் ஒருவருக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்தேன்.

செம்பூர் போயிருந்தேன். முதலாளி வீட்டு வராந்தா. பழைய கித்தான் நாற்காலி. அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மூட்டு வீங்கியிருக்கிறது.

"வாய்யா எம்.ஏ.! பேராச்சி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா முதலாளி."

"டீ குடி."

அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு கவிழ்த்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"அத விடுய்யா. பள்ளிக்கூடத்துல கக்கூசுக் கதவு ஒடஞ்சு கெடக்காம். பொம்பளப் புள்ளைக மத்தியானம் வீட்டுக்குப் போனா திரும்ப வர்றதில்லையாம். வாழ்த்தாவது மடலாவது! மொதல்ல அத இங்கிலீசுல எழுது. முனிசிபாலிட்டிக்கு அனுப்புவோம்."

ஆக, வாழ்த்துமடல் எழுதப் போனவன் கக்கூஸ் கதவுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எழுதியதில் எனக்குத் திருப்தி தந்தது அதுதான். உரிச்சொல் ஒன்றுகூட இல்லை.

கிளம்பும்போது மறுபடி கேட்டார். "பேராச்சி எப்படி இருக்கா?"

மறதி என்று சொல்ல முடியவில்லை. கதவின் நீளம் அகலமெல்லாம் சரியாகச் சொன்ன மனிதர். சொன்ன பதில் செல்லாது என்பதுபோலக் கேட்டார். யோசித்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து நம் வீட்டு ஆள் யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது இதுதான்.

உன் கேள்விக்கு: இல்லை. இன்றும் பள்ளிக்கூட வாசல் கேட்டோடு சரி. அடக்கம் என்கிறார் வெங்கடேஸ்வரன். மடலில் அதையும் சேர்க்கச் சொல்கிறார்.

சுண்ணாம்புக் குழி தோலிலிருந்து மயிரைக் கழற்றும் அக்கா. மனிதத் தோலை என்ன செய்யும்? உன் கைகளை நினைத்துப் பார்த்தேன். எனக்குச் சோறு பிசைந்து கொடுத்த கைகள். தழும்பு எதுவும் என் நினைவில் இல்லை. இருந்ததா?

அன்புடன்
கோமதி


தாராவி
18-10-64

அன்புள்ள அக்கா,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பதில் இல்லை. தபால் தவறியிருக்கலாம்.

போன வாரம் கடைசி மழை. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். கிழக்குக் கோடியில் இரண்டாம் வகுப்பு. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், நீயும் உட்கார்ந்திருப்பாய். மழை பெய்தால் அந்தத் தரை இன்னும் வெளுக்கிறது. எத்தனை முறை சிமெண்ட் பூசினாலும் அடியிலிருந்து வெள்ளையாகக் கசிந்து வருகிறது. பிள்ளைகள் அதில் விரலால் படம் போடுகின்றன. ஒரு பெண் குழந்தை ஒரு பெண் குழந்தையை வரைந்திருந்தாள். கண் மட்டும் வைக்கவில்லை. வெகுநேரம் அங்கே நின்றேன். ஏன் என்று தெரியவில்லை.

திரும்பும் வழியில் ஷாப்பு வாசலில் காசிம் மாமாவைப் பார்த்தேன். முதலாளியோடு அன்று வண்டியில் போனவர் அவர்தான் என்று சந்தில் யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது.

"மாமா, பேராச்சி குழியில விழுந்த அன்னைக்கு நீங்களும் இருந்தீயளோ?"

அவர் பீடியை அணைத்தார். "எந்தப் பேராச்சியக் கேக்க?"

நான் சிரித்துவிட்டேன். "எங்க வீட்டுல எத்தன பேராச்சி?"

அவர் என் முகத்தையே பார்த்தார். "வயசாயிட்டுல்லா. என்னமோ ஒளறுதேன். போலே, போய் சாயா குடி. எம்.ஏ. படிச்சவன் மாதிரியா கேள்வி கேக்க நீ?"

எந்தப் பேராச்சி, அக்கா?

தீபாவளிக்குத் துணி அனுப்பியிருக்கிறேன். பெரியம்மாவுக்கு வெள்ளைச் சேலை.

கோமதி


சங்கரன்கோவில்
8-11-64

தம்பி கோமதிக்கு,

துணி வந்தது. அளவு சரியாக இருக்கிறது. பெரியம்மா சேலையைத் தடவிப் பார்த்து, என்ன நிறம் என்று கேட்டாள். சொன்னேன்.

காசிம் மாமாவிடம் இனி எதுவும் கேட்காதே. பாவம் அவர்.

நம் குடும்பத்தில் அண்ணன் தம்பி யாராயிருந்தாலும் தலைப்பெண் பிறந்தால் பேராச்சி என்றுதான் பெயர். அம்மன் பெயர் விட்டுப்போகக் கூடாது. பெரியப்பாவுக்கு ஒரு பேராச்சி. அப்பாவுக்கு ஒரு பேராச்சி. வீட்டில் மூத்தவள், இளையவள். வெளியாருக்கு இருவரும் பேராச்சி. ஒரே அறையில்தான் எல்லோரும் இருந்தோம்.

மூத்தவளுக்கு முன்பல் ஒன்று விழுந்து, பாதி முளைத்திருந்தது. அதை நாக்கால் தொட்டுக்கொண்டே இருப்பாள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முகம் நினைவில்லை.

பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஷாப்புக்குச் சோற்றுவாளி கொண்டுபோவது என் வேலை. அன்று எனக்குக் காய்ச்சல். அவள் கொண்டுபோனாள்.

இதற்குமேல் எழுத வரவில்லை. பெரியம்மா பக்கத்தில் இருந்து பயறு உடைக்கிறாள்.

பேராச்சி


தாராவி
15-11-64

அக்கா,

உன் கடிதத்தை டிராம்பே பஸ்ஸில் வைத்துப் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

அப்படியானால் முதலாளி தூக்கிய பிள்ளை நீ இல்லை. அவள் பிழைக்கவும் இல்லை.

எனக்கு ஒரு அக்கா இருந்து இறந்திருக்கிறாள். அவள் இருந்த அறையில்தான் இதை எழுதுகிறேன். இந்தச் சுவரில்தான் அவளும் முதுகு சாய்த்திருப்பாள். இதை எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அப்பா சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லவந்தார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன்.

யார் சொன்ன பொய் இது? முதலாளிக்குத் தெரியுமா? பெரியம்மா எப்படி அழுதாள்? தாராவியில் ஒரு அறையில் அழுதால் பத்து அறைக்குக் கேட்கும்.

வெங்கடேஸ்வரன் அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்துவிட்டார். "அன்று காப்பாற்றப்பட்ட சிறுமி, இன்று ஆசிரியை, திருமதி பேராச்சி அவர்கள் மாலை அணிவிப்பார்." நான் மடலை எழுதத் தொடங்கினேன். "அவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்." இந்த வரியோடு நிற்கிறேன். இதற்கு அடுத்த வரி எது எழுதினாலும் பொய். எழுதாவிட்டாலும் பொய். இந்தப் பள்ளிக்கூடம் அந்தப் பொய்யின்மேல் நிற்கிறதா? அதில்தான் நான் படித்தேன். இந்த வாக்கியத்தை எழுதும் கையே அங்கே பழகியதுதான்.

நீ வராதே என்று சொல்ல நினைக்கிறேன். வா என்றும் நினைக்கிறேன்.

கோமதி


சங்கரன்கோவில்
6-12-64

அன்புத் தம்பி,

நேரத்துக்குத் தூங்குகிறாயா? கடிதத்தில் உன் எழுத்து சாய்ந்திருக்கிறது. இங்கே அரிசிக்கு வரிசையில் நிற்கிறோம். வேறு குறை இல்லை.

நீ கேட்டுவிட்டாய். சொல்லிவிடுகிறேன்.

அவளைச் சயான் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். அதற்கு மறுவாரம் முதலாளி நம் அறைக்கு வந்தார். நிலை தட்டும் என்று குனிந்து நின்றார். "பேராச்சி எப்படி இருக்கா?" என்றார். பெரியப்பா வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அன்றுதான் காய்ச்சல் விட்டிருந்தது. யார் வந்தது என்று பெரியப்பா காலுக்குப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். பெரியப்பா கை என் தலையில் வந்து விழுந்தது.

"நல்லா இருக்கா முதலாளி. இந்தா நிக்கால்லா."

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை தம்பி. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவரால் மற்றதைச் சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான்.

முதலாளி என்னைப் பார்த்தார். தெரிந்த மாதிரியும் இல்லை, தெரியாத மாதிரியும் இல்லை. "ஏட்டி, பள்ளிக்கூடம் போறியா?" என்றார். பள்ளிக்கூடம் என்று ஒன்று அப்போது அங்கே கிடையாது.

அதற்குப்பின் யாரும் மாற்றிச் சொல்லவில்லை. பிள்ளை செத்தது வெளியே தெரிந்தால் போலீஸ் வந்து ஷாப்பை மூடும், அத்தனை பேரும் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மேஸ்திரி வீடு வீடாகச் சொன்னான். நல்லா இருக்கிறாள் என்று சொல்லப்பட்ட பிள்ளைக்கு யார் துக்கம் கேட்பார்கள்? பெரியம்மா அடுப்புப் பக்கம் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்வாள். நான் பார்த்திருக்கிறேன். அந்த மாதமே இருவரும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். இங்கே வந்தும் அழவில்லை. நாள் கடந்துவிட்டதே, இனி எப்படி அழ என்றாளாம்.

நான் வருஷா வருஷம் பள்ளி திறக்கும் நாளில் கேட்டுக்குப் போய் நிற்பேன். அவர் கேட்பார். நல்லா இருக்கேன் முதலாளி என்பேன். ஒவ்வொரு தடவையும் மூத்தவள் வாயில் அந்தப் பாதிப் பல் முளைத்துக்கொண்டே இருப்பது எனக்குத் தெரியும்.

விழாவுக்கு நான் வரமாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பெரியம்மா கேட்டாள்.

"யாருக்குட்டி எழுதுத?"

"தம்பிக்கு."

"அதுக்கு ஏன் மூக்க உறிஞ்சுத?"

சொன்னேன். விழா, மாலை, எல்லாம். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"நான் போறேன்."

"கண்ணு தெரியாம எங்க போவ நீ?"

"அவரு சத்தம் தெரியும். போதும்."

அங்கே போய் என்ன சொல்லுவாய் என்று கேட்டேன். முறத்தை மறுபடி எடுத்துப் புடைத்தாள். மறுநாள் பெட்டியைத் துடைக்கச் சொன்னாள். நம் தெருத் தளவாய் அண்ணன் லீவு முடிந்து பொங்கலுக்கு முன் பம்பாய் திரும்புகிறான். அவனோடு வருகிறாள். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன பாத்தியதை?

அவளை இடது பக்கமாகக் கைபிடித்துக் கூட்டிப்போ. வலது கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் உண்டு.

உன் அக்கா


தாராவி
27-12-64

அன்புள்ள அக்கா,

தளவாய் அண்ணன் எழுதியிருந்தார். அன்று தாதர் ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன். போர்வை வாங்கி வைத்திருக்கிறேன். இங்கே காலையில் குளிர்கிறது.

வெங்கடேஸ்வரனிடம் நீ வரவில்லை, பெரியம்மா வருகிறாள் என்றேன். முதலில் முகம் சுருங்கியது. அக்காவுக்குத் தாய் மாதிரி என்று சொல்லவந்தேன். வாயில் "தாயார்" என்று மட்டும் வந்தது.

"தாயாரே வராளா! பேஷ். அந்தச் சிறுமியோட தாயார்னு மைக்கில சொல்லிடறேன். யாருக்கு இருக்கும் இந்த பாக்கியம்!"

திருத்த நினைத்தேன். திருத்த எதுவும் இல்லை. அவர் சொன்னது உண்மை.

மடலைப் படித்தார். "தூக்கிக்கொண்டு ஓடினார்னு நிறுத்திட்டேளே. காப்பாத்தினாரா இல்லையா? ஓடினது போறுமா?" ஓடியது போதும் என்றேன். "இந்தக் காலத்துப் பையன்கள் எழுத்தே இப்படித்தான், பாதி சாப்பாட்டுல எழுந்துண்ட மாதிரி" என்று சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்து, "ஓடினார்" என்பதை "ஓடிக் காத்தருளினார்" என்று திருத்திவிட்டார். பட்டில் அப்படித்தான் அச்சாகிறது.

பெரியம்மா என்ன சொல்லப்போகிறாள் அக்கா? மண்டபம் நிறைய ஆட்கள் இருப்பார்கள். முதலாளிக்கு வயதாகிவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. அவளுக்காகவா அவருக்காகவா என்று தெரியவில்லை.

கோமதி


தாராவி
19-1-65

அன்புள்ள அக்கா,

பெரியம்மா சுகம். முதலில் அதை எழுதிவிடுகிறேன். இப்போது தூங்குகிறாள்.

விழா ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நடந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் மாதுங்காப் பட்டுப்புடவைகள். பின்னால் நம் சந்து முழுக்க. முனிசிபாலிட்டி கல்வி அதிகாரி மராத்தியில் பேசினார். பிள்ளைகள் பாடினார்கள், ஒருத்தி நடுவில் மறந்துபோய் முதலாளியைப் பார்த்துச் சிரித்தாள். அவர் இரண்டு கையையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் மடலை வாசித்தேன். அந்த வரி வந்தது. "அவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்" என்று படித்து நிறுத்தினேன். முதலாளி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

பிறகு மைக்கில் பெயர் சொன்னார்கள். பெரியம்மாவை இடது பக்கம் பிடித்து மேடையேற்றினேன். மாலையைக் கையில் கொடுத்தார்கள். அவளுக்குக் கழுத்து எங்கே என்று தெரியவில்லை. முதலாளி எழுந்து, நம் வாசலில் நின்றாரே என்று நீ எழுதினாயே, அப்படிக் குனிந்தார்.

"யாரும்மா?"

"ஆறுமுகத்தாயி."

அவர் முகத்தை நான் ஒரு கை தூரத்தில் பார்த்தேன். மைக் எட்ட இருந்தது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அவர் உதடு அசைந்தது. அதையேதான் கேட்டார்.

"பேராச்சி எப்படி இருக்கா?"

"செத்துப் போயிட்டா முதலாளி."

சாதாரணமாகச் சொன்னாள். கடைக்குப் போயிருக்கிறாள் என்பதுபோல.

"தெரியும் தாயி. வண்டியில போகையிலயே தெரியும். என் கையிலதான."

"பொறவு ஏன் கேட்டீரு?"

மாலை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அவர் குனிந்தபடியே நின்றார்.

"யாராவது சொல்ல மாட்டாங்களான்னு கேட்டேன். யாரும் சொல்லலியே."

அப்போது பெரியம்மா அழுதாள் அக்கா. நான் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. மாலை கீழே விழுந்தது. மார்பில் அடித்துக்கொண்டு, பெயரைச் சொல்லி, மண்டபம் முழுக்க. முதலாளி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். அடிக்கவிடாமல் அல்ல. சும்மா பிடித்துக்கொண்டு.

மாதுங்கா கைதட்டியது.

நன்றிக் கண்ணீர் என்று நினைத்துவிட்டார்கள். வெங்கடேஸ்வரன் மைக்கைப் பிடித்து, "இதைவிட என்ன வாழ்த்து வேணும் சொல்லுங்கோ!" என்றார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது. நல்ல மனிதர். முன்வரிசை எழுந்து நின்று தட்டியது. நம் சந்து மட்டும் தட்டவில்லை. காசிம் மாமா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் ஒவ்வொருத்தியாக மேடைப் பக்கம் வந்தார்கள். கீழே நின்று அவர்களும் அழத் தொடங்கினார்கள். கைதட்டலும் அழுகையும் ஒன்றாக. வெகுநேரம்.

மறுநாள் பெரியம்மா அந்தக் குழி இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். முதலாளி கார் வந்தது. பள்ளிக்கூடக் கேட்டில் இறங்கி நின்றார். பெரியம்மா, "என்ன நிக்கீரு, எனக்குக் கண்ணு தெரியாதுல்லா, கூட்டிட்டுப் போம்" என்றாள். அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே போனார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லின. பெரியம்மா கிழக்கு மூலையில் உட்கார்ந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். தரை காய்ந்திருந்தது. முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாத்தியாரம்மா பாடத்தை நிறுத்தினாள். "நிறுத்தாதே தாயி, நடத்து" என்றாள் பெரியம்மா. வாய்ப்பாடு சொன்னார்கள். முழுவதும் கேட்டாள்.

வெளியே வரும்போது முதலாளி கக்கூஸ் கதவைப் போய்ப் பார்த்தார். இன்னும் வரவில்லை. முனிசிபாலிட்டிக்கு மறுபடி எழுது என்றார்.

பட்டு மடல் செம்பூரில் மாட்டப்பட்டிருக்கும். காத்தருளினார் என்ற சொல்லோடு.

கோமதி


சங்கரன்கோவில்
28-2-65

அன்புத் தம்பி கோமதிக்கு,

பெரியம்மா பத்திரமாக வந்து சேர்ந்தாள். வழியில் ஒன்றும் சிரமமில்லை என்கிறாள். இங்கே மொழிக் கலவரத்தில் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். இப்போதுதான் திறக்கப்போவதாகச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நான் வீட்டில் இருக்கிறேன். பகலில் வீட்டில் இருந்து பழக்கமில்லை.

வந்த அன்று பெரியம்மா வாசலில் தலைமுழுகினாள். பக்கத்து வீட்டார் என்ன என்று கேட்டதற்கு, "எம்மவ தவறிட்டா" என்றாள். பம்பாயில் யாரோ என்று நினைத்து எல்லோரும் துக்கம் கேட்டு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பல் முளைத்த கதையைச் சொன்னாள். எனக்கு மறந்துபோன முகத்தையும் சொன்னாள். இடது கன்னத்தில் குழி விழுமாம். இரவுகளில் நன்றாகத் தூங்குகிறாள். நான்தான் விழித்திருக்கிறேன்.

போன வாரம் முதலாளியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. யாரையோ வைத்து எழுதியிருக்கிறார், கையெழுத்து மட்டும் அவருடையது. "சின்னப் பேராச்சிக்கு" என்று தொடங்கியிருக்கிறது. நான் இளையவள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பெரியம்மா சொல்லியிருப்பாள். கார்டில் ஒரே வரி. "நீ எப்படி இருக்கே?"

கார்டைப் பெட்டியில் வைத்தேன். எடுத்தேன். எத்தனையோ வருஷம் கேட்டில் நின்று சொன்ன பதில் வாயில் தயாராக இருக்கிறது. ஆனால் அது மூத்தவளுக்காகக் கேட்ட கேள்வி. இது எனக்கு.

நேற்று எழுத உட்கார்ந்தேன். நலம் என்று எழுதினேன். அடித்தேன். நலமாக இல்லை என்று எழுதவும் கை வரவில்லை, அதுவும் முழு உண்மை இல்லை. பெரியம்மா, "யாருக்குட்டி?" என்றாள். "முதலாளிக்கு" என்றேன். "நெசத்த எழுது" என்று சொல்லிவிட்டுப் புறவாசலுக்குப் போய்விட்டாள்.

ஒரு வரி எழுதியிருக்கிறேன். மீதி வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

"அன்று எனக்குக் காய்ச்சல், முதலாளி."

உன் அக்கா
இளைய பேராச்சி